படம் விளங்கவில்லையா, எழுத்துத் தெரியவில்லையா? – நூலகங்களுக்கும் கலாசாரப் பிரிவுகளுக்கும் ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பொது நூலகர்களுக்கும், பிரதேச செயலகங்களின் கலாசார உத்தியோகத்தர்களுக்கும், மாநகர, நகர, பிரதேச சபைகளில் நூலகப் பொறுப்பு வைத்திருப்போருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

‘இந்த மாதிரிப் படமெல்லாம் எங்கட சனத்துக்கு விளங்காது.’ இலக்கியத்தைத் தழுவிய ஒரு நல்ல படத்தைப் பொது மண்டபத்தில் போடக் கேட்டால் வருகிற முதல் மறுமொழி இதுதான். அடுத்தது, ‘போன முறை போட்டம், பாதியில எழும்பிப் போயிற்றாங்க.’ எழும்பிப் போனது உண்மையாகவே இருக்கலாம். ஏன் போனார்கள் என்பதில்தான் வழக்கு.

இப்படியான காட்சிகள் நடக்கிற விதத்தை நினைத்துப் பாருங்கள். பின்னேர வெயில் கிறில் யன்னலால் வந்து திரையில் விழுகிறது. கிட்டத்தட்டச் சதுரமாக எடுத்த பழைய படத்தை அகலத் திரைக்கு இழுத்து விட்டிருப்பார்கள், முகமெல்லாம் பூசணிக்காய். வசனம் ஜப்பான் மொழியில், கீழே வரும் சப்டைட்டில் எழுத்து ஆங்கிலத்தில், அந்த எழுத்தும் முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால். மின்விசிறி முழு வேகத்தில். இதற்கெல்லாம் முன்னால் ஒன்றரை மணி நேரம் மங்கள விளக்கு, தலைமையுரை, வாழ்த்துரை, பிரதம அதிதி உரை. இந்த ஏற்பாட்டில் எம்.ஜி.ஆர். படம் போட்டாலும் ஆள் இராது.

மெதுவாக நகர்கிற கதை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. வட்டக்களரியைச் சுற்றி விடிய விடிய இருந்து வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் பார்த்துப் பழகிய ஊர் இது. ஒரு அரசன் வரவு ஆடி முடிக்கும்வரை மத்தளத்தையும் சதங்கையையும் கவனித்துக்கொண்டு பொறுமையாக இருக்கிற சனம். அருச்சுனனுக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் யாரும் கூத்துக்கு வருவதில்லை. தெரிந்த கதையை கூத்துப் பழக்குகிற இந்த அண்ணாவியார் எப்படி ஆட்டுவிக்கிறார் என்று பார்க்கத்தான் வருகிறார்கள். கலைப்படத்துக்கும் அந்தப் பார்வைதான் தேவை. கதையை முதலில் நூலாகக் கொடுங்கள். பிறகு படத்தை அது எடுக்கப்பட்டபடியே, தமிழ் எழுத்தோடு காட்டுங்கள். முன்கூட்டிக் கதை தெரிந்தால் சுவை கெடும் என்பது துப்பறியும் படத்துக்குச் சரி.

நாங்கள் கேட்பது மாதத்தில் ஒரு சனிக்கிழமைக்கு மண்டபம், அந்த மாதத்துக்குரிய ஒரு நூலில் எட்டுப் பிரதிகள், சப்டைட்டில் எழுத மூன்று பேருக்கு ஒரு மேசையும் ஒரு கணினியும்.

எட்டு என்பது சும்மா சொன்ன எண் இல்லை. இரவல் தவணை 14 நாள் என்றால் ஒரு பிரதி மாதத்தில் இரண்டு பேரிடம் போகும். ஏழு பிரதிகள் வெளியே போனால் 14 வாசகர். எட்டாவது நூலகத்தை விட்டு அசையக்கூடாது, வந்திருந்து வாசிப்பவருக்கு. நூலை வாசித்தவர் 14 பேர் இருந்தாலே கலந்துரையாடல் நடக்கும். வாசிக்காத 40 பேர் கூட வந்தாலும் அவர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள். பத்து நூலில் ஒவ்வொரு பிரதி வாங்கும் வழக்கம் அலுமாரிக்கு அழகு, வாசகர் வட்டத்துக்கு உதவாது. முதல் ஆறு மாதத்துக்கு 150 பக்கத்தைத் தாண்டாத நூலையே எடுங்கள்.

முதல் நூலாக தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’. 1848இல் வந்த குறுநாவல். பழைய ருஷ்ய மொழிபெயர்ப்புகள் வாசித்த தலைமுறைக்கு இந்தத் தமிழ்ப் பெயர் நல்ல பழக்கம். நான்கு இரவுகள், ஒரு பாலம், ஒரு வருடத்தில் வருகிறேன் என்று சொல்லிப் போனவனுக்காகக் காத்து நிற்கிற ஒரு பெண், அவளுக்குத் துணையாக நின்று அவள்மேல் மனம் வைத்துவிடுகிற ஒரு தனியன். இவ்வளவுதான் கதை. இத்தாலியில் லுக்கினோ விஸ்கோந்தி இதை 1957இல் எடுத்தார், தெருவையும் பாலத்தையும் முழுக்க ஸ்டூடியோவுக்குள்ளேயே கட்டி. பாரிஸில் ரொபேர் பிரெஸோன் 1971இல் எடுத்தார், உண்மையான ஆற்றங்கரையில். தமிழில் எஸ்.பி. ஜனநாதன் 2003இல் ‘இயற்கை’ என்று எடுத்தார். பாலத்தின் இடத்தில் துறைமுகம் வந்தது. ‘இயற்கை’யை ஏற்கெனவே பார்த்தவர்கள் இங்கே ஏராளம். அதனால்தான் இதை முதலில் வைக்கிறோம். தமிழ்ப் படத்தை முதல் மாதம், விஸ்கோந்தியை அடுத்த மாதம், நூல் இரண்டு மாதமும் கையில். போனவன் திரும்பி வந்து சேர்கிற கணத்தில் தனியனின் முகத்தை ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். அதற்குமேல் பேச்சுத் தானாக வரும்.

அதே எழுத்தாளரின் இன்னொரு கதை, 1876இல் வந்தது, இந்த மண்ணுக்கு இன்னும் கிட்ட. ஈடு பிடிக்கும் கடைக்காரன் ஒருவன், முன்னாள் இராணுவ அதிகாரி. இறந்துபோன இளம் மனைவியின் உடலுக்குப் பக்கத்தில் நின்று தன் கதையைத் தானே சொல்கிறான். பிரெஸோன் இதை 1969இல் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். பிரசன்ன விதானகே 2012இல் எங்கள் மலையகத்துக்கே கொண்டுவந்தார்: கடைக்காரன் முன்னாள் சிங்களச் சிப்பாய், மனைவி தமிழ்ப் பெண். கதையின் எலும்பு அப்படியே இருக்க, அதன்மேல் யுத்தம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிரெஸோனின் படம் தொடங்குகிற விதத்தை மட்டும் சொல்கிறோம். பல்கனியில் ஒரு சிறு மேசை சாய்கிறது. பூச்சட்டி விழுகிறது. வெள்ளைச் சால்வை ஒன்று காற்றில் மிதந்து மெல்ல இறங்குகிறது. குதிப்பதைக் காட்டவேயில்லை. எந்த வசனமும் இல்லாத இந்தச் சில வினாடிகளுக்கு யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. ஆனால் அறிவித்தலில் ‘தற்கொலை பற்றிய கதை’ என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள். சிலர் அன்றைக்கு வராமல் இருக்க விரும்பலாம்.

காரைதீவில் பிறந்த விபுலாநந்தர் 1926இல் ‘மதங்க சூளாமணி’ எழுதி, சேக்ஸ்பியரின் 12 நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அம்பாறை மாவட்டத்தில் சேக்ஸ்பியரைத் தொட இதைவிட நல்ல வாசல் இல்லை. கூடவே அகிரா குரோசவாவின் இரண்டு படங்கள்: ‘மக்பெத்’தைத் தழுவிய 1957இன் படம், ‘லியர் அரச’னைத் தழுவிய 1985இன் ‘ரான்’. முன்னதில் சேக்ஸ்பியரின் ஒரு வரிகூட இல்லை. பின்னதில் மூன்று மகள்மார் மூன்று மகன்மாராகிவிட்டார்கள். 1957இன் படத்தில் நடிப்பு நோ என்ற ஜப்பானிய மரபு அரங்கிலிருந்து வருகிறது. கணவனைக் கொலைக்குத் தூண்டும் மனைவியின் முகம் முகமூடிபோல அசையாது இருக்கும். அவள் நடக்கையில் பட்டுத் துணி தரையில் உரசும் சத்தம்தான் கேட்கும். கூத்து ஆடியவர்களை, அண்ணாவியார்மாரை அன்றைக்குக் கட்டாயம் அழையுங்கள். அடி வைப்பதைப் பற்றி அவர்கள் சொல்லப்போவதை எந்தச் சினிமா விமர்சகராலும் சொல்ல முடியாது.

தொலைக்காட்சியை ஏளனமாகப் பார்க்கவேண்டாம். நல்ல இயக்குநர்கள் சிலர் தங்கள் பெரிய வேலையைத் தொலைக்காட்சிக்குத்தான் செய்தார்கள். போலந்தின் கீஸ்லோவ்ஸ்கி 1980களின் இறுதியில் பத்துக் கட்டளைகளை வைத்து எடுத்த பத்துப் பகுதிகள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், வார நாளில் நூலகத்தின் சிறு அறையில் காட்டுவதற்கென்றே எடுத்தவைபோல இருக்கும். பீஷ்ம சாஹ்னியின் பிரிவினை நாவலைக் கோவிந்த் நிஹலானி 1988இல் தூர்தர்ஷனுக்கு எடுத்தார். பெர்க்மனின் ‘ஃபனியும் அலெக்சாண்டரும்’ இரண்டு வடிவத்தில் இருக்கிறது: தொலைக்காட்சிக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல், திரையரங்குக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். எந்த வடிவம் வேண்டும் என்று எழுதிக் கேட்காவிட்டால் எதுவும் வரும். அறிவித்தலில் ஒன்றும் திரையில் ஒன்றுமாகப் போய்விடும்.

இனிச் சப்டைட்டில். மடலின் முக்கியமான பகுதி இதுதான்.

ஆங்கிலச் சப்டைட்டிலைப் பார்த்துத் தமிழாக்குவது சுலபமான வழி, கெட்ட வழியும் அதுதான். ஆங்கில எழுத்து ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதிலிருந்து சுருக்கினால் இரண்டாவது முறை வடிந்துபோகும். எடுத்துக்காட்டுக்கு, சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955). வங்காளத்தில் ஆளை அழைக்க மூன்று படி உண்டு: ஆப்னி, துமி, துய். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘யூ’ ஒன்றே. இந்தியத் தமிழில் நீங்களும் நீயும்தான் புழக்கம். எங்களிடம் நீங்கள், நீர், நீ என்று மூன்றும் இன்னும் வாயில் இருக்கின்றன. வங்காளப் படத்துக்குச் சப்டைட்டில் எழுத இலங்கைத் தமிழைவிடத் தோதான தமிழ் இல்லை. சிறுமி துர்கா கிழவியை ‘பிஷி’ என்று கூப்பிடுவது ஆங்கிலத்தில் ‘ஆன்ட்டி’ ஆகிவிட்டது. பிஷி என்பது அப்பாவின் சகோதரி, எங்களுக்கு மாமி. ஆங்கிலத்தின் ‘பிரதர்’ அண்ணனா, தம்பியா, மச்சானா என்று தெரியாமல் அந்த வரியைத் தொடவே கூடாது.

சிங்களப் படங்களுக்கு இந்தச் சிக்கல் வரவே வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்தில் சிங்களமும் தமிழும் ஒரே வாயில் பேசுகிற ஆசிரியர், உத்தியோகத்தர், கடைக்காரர் எத்தனை பேர்! அப்படியிருக்க மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 1944ஆம் ஆண்டு நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த ‘கம்பெரலிய’வை, டெல்லித் திரைப்பட விழாவில் தங்க மயில் வாங்கிய படத்தை, நாங்கள் ஆங்கில எழுத்தில் வாசித்துப் பார்ப்பது வெட்கக்கேடு. ஒருவர் சிங்களத்தைக் கேட்டுச் சொல்ல, ஒருவர் தமிழில் எழுத, மூன்றாமவர் சிங்களம் தெரியாமல் இருந்து வாசித்து எங்கே தடக்குகிறது என்று சொல்லவேண்டும். அந்த மூன்றாம் ஆள் இல்லாவிட்டால் வேலை பிழைக்கும். சிங்களத்திலும் ஒப, ஒயா, உம்ப, தோ என்று படிகள் உண்டு. சண்டை முற்றி ‘ஒயா’ ‘தோ’வாக மாறுகிற இடத்தில் தமிழும் மாறவேண்டும். ‘வலவ்வ’ என்று வரும் இடத்தில் ஒலி ஒற்றுமையை நம்பி ‘வளவு’ என்று போட்டுவிடாதீர்கள். எங்கள் ஆட்களுக்கு வளவு என்றால் வேலிக்குள் இருக்கிற காணி. அங்கே பேசப்படுவது நொடித்துப்போகிற ஒரு பெரிய வீடு, அதன் குலப்பெருமை.

நடை எழுத்துத் தமிழாகவும் இளகியதாகவும் இருக்கட்டும். எங்கள் ஊர்ப் பேச்சின் ‘மறுகா’வும் ‘என்னகா’வும் எங்களுக்குத் தேன்தான், ஆனால் ஜப்பான் சாமுராய் அப்படிப் பேசினால் மண்டபம் சிரிக்கும். சென்னைச் சினிமாவின் ‘மச்சி’யும் வேண்டாம்.

அளவு: ஒரு முறையில் இரண்டு வரிக்கு மேல் கூடாது, ஒரு வினாடிக்குக் குறைவாகவும் ஆறு வினாடிக்குக் கூடுதலாகவும் நிற்கக்கூடாது. எல்லா வயதினரும் இருக்கிற மண்டபத்துக்கு வினாடிக்கு 8 எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சப்டைட்டில் மென்பொருள் எண்ணுவது எங்கள் எழுத்தை அல்ல. ‘நிற்கிறது’ என்பது எங்களுக்கு 5 எழுத்து; கணினியோ எழுத்தோடு ஒட்டிய விசிறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி 9 என்று காட்டும். அந்த எண்ணிக்கையை நம்பி வெட்டினால் நல்ல வசனத்தையும் வீணாகக் கொத்திவிடுவீர்கள். கையால் எண்ணுங்கள், அல்லது கணினி காட்டும் எண்ணில் பாதிக்குச் சற்று மேல் என்று கணக்கெடுங்கள்.

சுருக்குவதற்குத் தமிழ் இடம் தரும். ‘நான் நாளைக்கு வரமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடு’ – 25 எழுத்து, மூன்று வினாடிக்கு மேல் வேண்டும். ‘நாளை வரமாட்டேன் என்று சொல்’ – 13 எழுத்து, இரண்டு வினாடிக்குள் அடங்கும். வினைமுற்றே ‘நான்’ என்பதைச் சொல்லிவிட்டது. ‘அவர்’ யாரென்று படம் காட்டுகிறது.

வினை கடைசியில் வருவதால் இன்னொரு தொல்லை. ‘அவனை நான் கொல்லவில்லை, ஏனென்றால் அவனை நேசித்தேன்’ என்று நடிகர் இரண்டு மூச்சில் சொல்கிறார் என்று வையுங்கள். இதை இலக்கண சுத்தமாக ‘நேசித்ததால் அவனைக் கொல்லவில்லை’ என்று ஒரே வாக்கியமாக்கினால், காரணம் முன்னுக்கு ஓடிவந்துவிடும். நடிகர் விட்ட இடைவெளியும் எதிரே இருப்பவரின் முகமாற்றமும் வீண். இரண்டாக வெட்டுங்கள்: ‘அவனை நான் கொல்லவில்லை.’ பிறகு, ‘நேசித்தேன்.’

தட்டச்சில் எங்கள் நாட்டுக்கே உரிய ஒரு வியாதி உண்டு: பாமினி என்ற பழைய எழுத்துரு. காரியாலயத்தில் பாமினியில் தட்டிய கோப்பைச் சப்டைட்டிலாகப் போட்டால் ‘அம்மா’ இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் வரும். யூனிகோடுக்கு மாற்றி, கோப்பைச் சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் கேள்விக்குறியாகும். பென்ட்ரைவைத் தொலைக்காட்சிப் பெட்டியில் நேரே செருகாதீர்கள். பல பெட்டிகளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியாது. ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிவட்டம் என்று நிற்கும். மடிக்கணினியில் வி.எல்.சி. போன்ற இயக்கியில் ஓட்டி, எச்.டி.எம்.ஐ. வயரால் புரொஜெக்டருக்குக் கொடுங்கள். எழுத்துரு தடித்ததாக இருக்கட்டும், வெள்ளை நிறம், சுற்றிக் கறுப்பு விளிம்பு. விளிம்பில்லாத வெள்ளை எழுத்து விஸ்கோந்தியின் பனிக் காட்சியில் கரைந்துபோகும்.

எழுத்து வசனத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் பதறாமல் இரண்டு இடத்தில் பாருங்கள், 10ஆவது நிமிடத்திலும் 90ஆவது நிமிடத்திலும். இரண்டிலும் ஒரே அளவு பிந்தினால், உங்கள் பிரதியின் தொடக்கத்தில் நிறுவன முத்திரை கூடியோ குறைந்தோ இருக்கிறது. மொத்தமாக நகர்த்தினால் போதும். வி.எல்.சி.யில் ஜி, எச் விசைகள் அதற்குத்தான். போகப்போக விலகல் கூடுகிறதென்றால் நோய் வேறு: சினிமா வினாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்), ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கும் டி.வி.டி.க்கும் 25. 24இல் 100 நிமிடம் ஓடுகிற படம் 25இல் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தக் கோப்பை எத்தனை முறை நகர்த்தினாலும் சரிவராது. சட்ட வேகத்தை மாற்றிப் புதிதாகச் சேமிக்கவேண்டும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் அதற்கு ஒரு பொத்தானே உண்டு.

மண்டபத்துக்கு வருவோம். நேரம் சனிக்கிழமை பின்னேரம் 4 மணி. காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று எங்கென்றாலும் அஸர் தொழுதுவிட்டு வரலாம். படம் 110 நிமிடத்துக்குள் இருந்தால் பொழுதுபட்டதும் வருகிற மஃரிபுத் தொழுகைக்கு முன் முடியும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பொழுது முந்திப் படுவதால் 3.40க்குத் தொடங்கவேண்டும். தொழுகைக்கும் பிளேன்டீக்கும் இடைவேளை விட்டு, 6.30இலிருந்து 7.15 வரை பேச்சு. பெண்கள் வீடு திரும்ப நேரம் கடந்துபோகாது, பஸ்ஸையும் பிடிக்கலாம். இரவு 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடிக்கும் காட்சி ஆண்களுக்கு மட்டும் வைக்கிற காட்சியாகத்தான் முடியும். ‘ரான்’ போன்ற நீண்ட படத்தை இடையில் முறித்து இரண்டு சனிக்கிழமை காட்டலாம். விடிய விடிய ஆடின கூத்தே இன்று சில மணி நேரத்துக்குச் சுருங்கிவிட்டதே. அறிமுகத்துக்கு 5 நிமிடம். பொன்னாடை வேண்டவே வேண்டாம்.

பின்னேரம் காட்டுவதென்றால் இருட்டை நாங்கள்தான் உண்டாக்கவேண்டும். கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக, யன்னல் சட்டத்தைவிட அரை அடி கூடுதலாக விட்டு அடியுங்கள். மேற்குப் பக்கத்தில் மூன்று மடிப்பு. கூரைக்குக் கீழுள்ள காற்றுத் துவாரங்களைத்தான் எல்லாரும் மறப்பார்கள். புரொஜெக்டரை அணைத்துவிட்டு, திரையடியில் ஒரு பத்திரிகையைப் பிடித்துப் பாருங்கள். செய்தி எழுத்தை வாசிக்க முடிந்தால் இருட்டுப் போதாது.

10 அடி அகலத் திரைக்கு 2500இலிருந்து 3500 ஆன்சி லூமன் வரை வெளிச்சம் உள்ள புரொஜெக்டர் தாராளம். காரியாலயங்களில் கூட்டங்களுக்கு வைத்திருப்பதே உதவும். பெட்டியில் வெறுமனே ‘9000 லூமன்’ என்று அடித்த மலிவுச் சாமானில் ஆன்சி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. திரையாகப் பளபளப்பான பிளெக்ஸ் பனரின் பின்பக்கத்தைக் கட்டாதீர்கள். நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும். மங்கல் வெள்ளைப் பூச்சு அடித்த சுவர் அதைவிட எவ்வளவோ மேல். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலரை அடிக்குக் குறையக்கூடாது. இதைத்தான் அதிகம் வற்புறுத்துகிறோம். கதிரையில் இருப்பவரின் தலை ஏறக்குறைய 4 அடியில் நிற்கும், எழுத்து வருவதோ திரையின் அடியில். தரை மட்டமான மண்டபத்தில் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் இருப்பவருக்குப் படம் தெரியும், எழுத்துத் தெரியாது. ‘விளங்கவில்லை’ என்று எழும்பிப் போகிறவர்களில் பாதிப்பேர் அந்த வரிசைகளில்தான் இருந்திருப்பார்கள். கதிரைகளை முன்வரிசைக்கு இடைவெளி பார்த்து மாற்றி மாற்றிப் போடுங்கள், கடைசி வரிசை 30 அடிக்கு அப்பால் வேண்டாம்.

படத்தின் வடிவம்: ‘பதேர் பாஞ்சாலி’யும் குரோசவாவின் 1957 படமும் 1.37க்கு 1 என்ற விகிதத்தில் எடுத்தவை. 10 அடித் திரையில் அவை ஏழே முக்கால் அடி அகலத்துக்குத்தான் வரும். இரு பக்கமும் கறுப்பாக இருக்கும், இருக்கவேண்டும். ‘திரையை நிரப்பு’ என்று பெருப்பித்தால் மேலும் கீழுமாகப் படத்தில் நாலில் ஒரு பங்கு வெட்டுப்படும். பெரிய தொலைக்காட்சிப் பெட்டியில் காட்டினால், அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பை நிறுத்தி ‘சினிமா’ என்ற முறைக்கு மாற்றுங்கள். புதுப் பெட்டிகளில் அது தொடக்கத்திலேயே போட்டபடி வரும். எந்தப் படத்தையும் நாடகத் தொடராக்கிக் காட்டும்.

சத்தத்தில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. இசை கேட்கிறது, வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ஒலித்தடம் 5.1, அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்தது, வசனம் நடு ஸ்பீக்கருக்குரியது. உங்களிடம் இருப்பதோ இடமும் வலமும் மட்டும். இயக்கியில் ஸ்டீரியோவுக்கு மாற்றினால் வசனம் திரும்பி வரும். இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். ஓடு பதித்த வெறும் மண்டபம் எதிரொலிக்கும். யன்னலுக்கு அடித்த கறுப்புத் துணியே அதை ஓரளவு குறைக்கும். மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் விடுங்கள், இல்லையென்றால் குரோசவா படத்தின் அந்தப் பட்டுத் துணியின் சத்தம் யாருக்கும் கேட்காது. தகரக் கூரை மண்டபத்தில் மாரியில் படம் வைக்காதீர்கள். பக்கத்துக் கோயில் சடங்கு, திருவிழா நாட்களையும் பார்த்துத் திகதி போடுங்கள்; ஒலிபெருக்கியோடு எந்தப் படமும் போட்டிபோட முடியாது.

உரிமை விடயத்தைக் கடைசிக்கு விட்டோம், ஆனால் நீங்கள் முதலில் தொடங்கவேண்டியது அதுதான். டி.வி.டி. வாங்கியிருப்பது வீட்டில் பார்க்க. பொது இடத்தில் காட்ட, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி உரிமையாளரின் சம்மதம் வேண்டும், கட்டணம் வாங்காத காட்சிக்கும் கேட்டுவிடுவதே சரி. தமிழ்ச் சப்டைட்டில் எழுதுவதும் மொழிபெயர்ப்புத்தான். அதற்கும் அதே கடிதத்தில் அனுமதி கேளுங்கள். பகிரங்கக் காட்சிக்கான தணிக்கை அனுமதி தனி. கடிதத்தில் மண்டபத்தின் ஆசன எண்ணிக்கை, எத்தனை காட்சி, நுழைவு இலவசம், எந்த வடிவப் பிரதி வேண்டும், வசனப் பட்டியல் கிடைக்குமா என்பவற்றை எழுதவேண்டும். முடிந்த தமிழ்ச் சப்டைட்டிலின் ஒரு பிரதியை அவர்களுக்கே தருவதாகவும் சொல்லுங்கள். தமிழில் எழுத்தில்லாத படத்தின் உரிமையாளருக்கு அது பிரயோசனமான பண்டமாற்று. மறுமொழி வர வாரக்கணக்கில் எடுக்கும், ஆகையால் காட்சிக்கு மூன்று மாதம் முந்தி எழுதுங்கள்.

வசனம் நிறைந்த இரண்டு மணி நேரப் படத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் வரும். மூன்று பேர் பின்னேரங்களில் இருந்து எழுதினால், திருத்தமும் சேர்த்து ஒரு மாத வேலை. அதனால் முதல் காட்சிக்கு ‘இயற்கை’: தமிழ்ப் படம், எழுத்து வேண்டாம். அந்த மாதத்துக்குள் விஸ்கோந்திக்கான எழுத்தைத் தொடங்கிவிடலாம். அனுமதிக் கடிதங்களின் வரைவும், துணி அளவு எடுப்பதற்கான படிவமும், சப்டைட்டில் எழுதுவோருக்கான இரண்டு பக்கக் குறிப்பும் தயாராக இருக்கின்றன. எந்த நூலகம் முதலில் ஒரு சனிக்கிழமையைக் குறித்துத் தருகிறதோ, அங்கே காட்சிக்கு முந்திய வியாழன் பின்னேரம் 4 மணிக்கு வந்து, பத்திரிகையைப் பிடித்து இருட்டைப் பார்ப்போம். அதே நேரத்து வெயில் எந்த யன்னலால் வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
இரு மாவட்டத்து வாசகர்களும் படம் பார்ப்பவர்களும்